யீல்டுன்னா விளையறதா, வளையறதா?

கேள்வி: பேரன் இங்கிலீஷ் நோட்டுல 'யீல்ட்'னா பணிஞ்சு போறது, விட்டுக்கொடுக்கறதுன்னு எழுதி வெச்சிருக்கான். ஆனா எங்க அக்ரி ஆபீசர் வந்தா 'இந்த தடவ யீல்ட் எவ்ளோ'ன்னு நெல்லு கணக்கு கேக்கறார். ரெண்டும் ஒரே வார்த்தையா?
– ஒரு வாசகர், மன்னார்குடி பக்கம்

பதில்: ஒரே வார்த்தை தாங்க ஐயா. பழைய இங்கிலீஷ்ல அதோட அர்த்தம் பணம் கட்டுறது, பாக்கிய தீக்கறது. ஜெர்மன்காரங்க பணத்துக்கு 'கெல்ட்'னு சொல்றாங்கல்ல, அதுவும் இதுவும் ஒரே வேர்ல இருந்து வந்தது தான். நிலம் நமக்கு குடுக்க வேண்டியத குடுத்தா அது விளைச்சல், தோத்த ராஜா கோட்டைய எடுத்து எதிரி கையில குடுத்தா அது பணியறது, ரெண்டு இடத்துலயும் ஒண்ண கைமாத்தி குடுக்கறது தான் நடக்குது.

இதுல வேடிக்கை என்னன்னா நம்ம 'மகசூல்' கதையும் கிட்டத்தட்ட இதே தான். அரபில இருந்து பாரசீகம், உருதுன்னு சுத்தி வந்த வார்த்தை, உருதுல அதுக்கு வரின்னும் அர்த்தம் உண்டு. ஆக அங்கயும் விளைச்சலும் கட்ட வேண்டிய காசும் ஒட்டிக்கிட்டே வந்திருக்கு. உங்க ஊர்ல 'ஏக்கருக்கு எத்தன மூட்டை கண்டுமுதல்'னு கேப்பாங்களே, என்னைய கேட்டா மகசூல விட அது தான் அழகான வார்த்தை, ஆபீஸ் ஃபாரத்துல தான் அத காணோம்.

பேரனுக்கு ஒரு குறுக்கு வழி சொல்லுங்க. யீல்டுக்கு பின்னாடி 'டு' வந்து ஒரு ஆளோ ஆசையோ நெருக்கடியோ வந்தா மசியறது. 'டு' இல்லாம நேரா நெல்லு, பாலு, ரிசல்ட்டுன்னு வந்தா விளையறது. முக்காவாசி இடத்துல இது போதும்.

கேள்வி: கிவ் இன், கிவ் அப் ரெண்டுக்கும் என் பொண்ணுக்கு குழப்பம், எனக்கும் தான்.
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உங்க வீட்லயே தினமும் நடக்கும்மா. பொண்ணு போன் வேணும்னு அடம் புடிக்கிறா, நீங்க முடியாதுங்கறீங்க, அவ சாப்பிடாம மூஞ்ச தூக்கி வெச்சுக்கறா, ஒம்பது மணிக்கு நீங்களே 'இந்தா, பத்து நிமிஷம் தான்'னு குடுத்துடறீங்க. அது கிவ் இன். மாறா அவளே 'இந்தம்மா மசியவே மசியாது'ன்னு போய் படுத்துட்டா அவ கிவ் அப் பண்ணிட்டா. எதிர்ல ஒருத்தர் நெருக்கி நாம இறங்கி வந்தா முதலாவது, நம்ம முயற்சிய நாமளே விட்டா ரெண்டாவது. சிகரெட்ட விடறதுக்கும் கிவ் அப் தான், அங்க கிவ் இன் போட்டா அர்த்தமே தலைகீழா போயிடும்.

கேள்வி: வீடு கட்டுறோம். கம்பில 500னு போட்டிருக்கு, இன்ஜினியர கேட்டா 'யீல்ட் ஸ்ட்ரெஸ்'ங்கறார். கம்பி எதுக்கு விட்டுக்கொடுக்கணும்?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: சூப்பர் கேள்வி. சைட்ல கம்பி வளைக்கறவர கிட்ட நின்னு பாருங்க. பலகைல அடிச்ச முளைகளுக்கு நடுவுல கம்பிய குடுத்து, சாவிய மாட்டி லேசா இழுப்பார், விட்டா கம்பி திரும்ப நேரா வந்துடும். இன்னும் கொஞ்சம் தம் கட்டி இழுத்தா ஒரு இடத்துல கம்பி 'சரிப்பா'ன்னு படிஞ்சுடும், அப்புறம் கைய எடுத்தாலும் பழைய நிலைக்கு வராது. அந்த படியற இடம் தான் யீல்ட். எஃப்இ 500ல எஃப்இ-ன்னா இரும்போட குறியீடு, 500-ன்னா குறுக்குவெட்டுல ஒரு சதுர மில்லிமீட்டருக்கு குறைஞ்சது 500 நியூட்டன் விசை வர்ற வரைக்கும் அந்த கம்பி நிரந்தரமா நீளாம தாக்கு புடிக்கும்னு அர்த்தம். பின்னாடி 'டி' போட்டிருந்தா ஒடியாம நீண்டு குடுக்கற குணம் கொஞ்சம் கூடுதல்.

நம்ம 'வளைஞ்சு குடுக்கறது' இங்க அச்சா பொருந்துது. ஒரு விளம்பர நோட்டீஸ்ல இதயே 'மகசூல் வலிமை'ன்னு மெஷின்ல மொழிபெயர்த்து போட்டிருந்தாங்க, கம்பி நட்டா கதிர் வரும் போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

கேள்வி: அமெரிக்கால பையன் வண்டி ஓட்டறப்ப ரோட்ல யீல்டுன்னு போர்டு இருக்கு. நம்ம ஊர்ல ஏன் இல்ல?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: இருக்கும்மா, எழுத்து தான் இல்ல. தலைகீழ் முக்கோணம், செவப்பு பார்டர், உள்ள வெள்ளையா இருக்குமே, அது தான், 'வழி விடு'. யீல்டுன்னு எழுதின போர்ட மொதல்ல வெச்சது 1950ல, ஓக்லஹோமா மாநிலத்து துல்சால, யோசன குடுத்தவர் கிளின்டன் ரிக்ஸ்னு ஒரு போலீஸ்காரர். அங்க ரொம்ப காலம் மஞ்சளா தான் இருந்துச்சு, செவப்பு வெள்ளையா மாறினது 1971ல. நம்ம ஊர்ல அந்த முக்கோணத்த பாத்து யாராச்சும் நின்னா பின்னாடி இருக்கறவர் ஹாரன் அடிக்கறார், அது வேற கத.

கேள்வி: பார்லிமெண்ட்ல எம்.பி.க்கள் 'ஐ ஆம் நாட் யீல்டிங்'னு கத்தறாங்களே, எதுக்கு?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: ஒருத்தர் பேசறப்ப இன்னொருத்தர் எழுந்து குறுக்க பேசணும்னா, பேசிட்டு இருக்கறவர் விட்டுக்கொடுத்து உக்காரணும். அவர் உக்கார மாட்டேன்னு சொல்றது தான் அது. 'நான் அடங்க மாட்டேன்'னு சண்டைக்கு கூப்பிடறார்னு நெனச்சுடாதீங்க, 'என் பேச்சு முடியல, குறுக்க வராதீங்க', அவ்ளோ தான்.