வைஃபை கோடு முழுதாக இருக்கு, வகுப்பு ஏன் நிற்குது?

கேள்வி: ஐயா, சிம் போடுகிற ரவுட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். மகளின் போனில் வைஃபை கோடு முழுதாகக் காட்டுகிறது. ஆனாலும் இரவில் சூம் வகுப்பு நின்று நின்றுதான் ஓடுகிறது. வைஃபை வேறு, டேட்டா வேறு இல்லையா?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: வேறுதான் தங்கச்சி. ஆனால் உங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றையொன்று நம்பி ஓடுகின்றன. போனிலிருந்து ரவுட்டர் வரைக்கும்தான் வைஃபை. அங்கிருந்து டவருக்குப் போவது அதே 4ஜி டேட்டா. போனில் தெரிகிற கோடு முதல் பாதியை மட்டுமே சொல்லும். டவர் சிக்னலுக்கு ரவுட்டரிலேயே தனி விளக்கு இருக்கும், அதைப் பாருங்கள்.

கல்லடியில் என் திருத்தகத்துக்குப் பலர் 'ரவுட்டர் பழுது' என்று தூக்கி வருகிறார்கள். விசாரித்தால், டீவிக்குப் பின்னால், அலுமாரி மூலையில் வைத்திருப்பார்கள். தயவுசெய்து ஜன்னலோரம், உயரத்தில் வையுங்கள். இரவில் ஊர்முழுக்க ஒரே டவரைப் பிடிப்பதால் வேகம் குறைவதும் உண்டு. அதற்கு ரவுட்டரை மாற்றிப் பயனில்லை, காசை வீணாக்காதீர்கள்.

வைஃபை அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது சுவரைத் தாண்டிப் போகும். 5 கிகாஹெர்ட்ஸில் வேகம் அதிகம், தூரம் குறைவு.

அப்புறம், வைஃபை மந்தமானால் சில போன்கள் கேட்காமலே சொந்த சிம்முக்கு மாறிவிடும். ஐபோனில் அதற்கு 'வைஃபை அசிஸ்ட்' என்று பெயர், மொபைல் டேட்டா செட்டிங்கின் அடியில் கிடக்கும். மகளின் ரீலோட் காசு தானாகக் கரைந்தால் அதை அணைத்துவிடுங்கள்.