வலி தீரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை: நாள்பட்ட வலியும் மனச்சோர்வும் – கேள்வி பதில்

நாள்பட்ட வலிக்கான சிகிச்சைப் பிரிவு ஒன்றில் 16 ஆண்டுகளாக உளவியலாளராகப் பணியாற்றுகிறேன். வலியோடு வாழ்பவர்களும் அவர்களின் குடும்பத்தினரும் அனுப்பிய கேள்விகளில் ஒரே சாயலில் இருந்தவற்றை இணைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். மருந்துகளைப் பற்றி நான் சொல்பவை பொது விளக்கங்களே. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்களைப் பரிசோதித்த மருத்துவரின் வேலை.

கேள்வி: 4 ஆண்டுகளாக முதுகுவலி. ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லையாம். இப்போது மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார்கள். அப்படியென்றால் என் வலி வெறும் கற்பனையா?

இல்லை. இந்தச் சந்தேகம் இல்லாமல் எங்கள் பிரிவுக்குள் நுழைபவர்கள் குறைவு. காரணத்தை விளக்காமல் பரிந்துரைச் சீட்டை மட்டும் நீட்டுவது எங்கள் துறையின் பிழை. அதற்காக நீங்கள் கூனிக்குறுக வேண்டியதில்லை.

சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் திருத்தி வெளியிட்ட வரையறையின்படி, வலி என்பது திசுச் சேதத்தோடு தொடர்புடைய, அல்லது அத்தகைய சேதத்தில் தோன்றுவதை ஒத்த, விரும்பத்தகாத உடலுணர்வும் மனவுணர்வும் கலந்த அனுபவம். ‘ஒத்த’ என்ற சொல்லைக் கவனியுங்கள்; ஸ்கேனில் சேதம் தெரியாவிட்டாலும் வலி வலியே என்பதை அது ஒப்புக்கொள்கிறது. 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறோம். அதற்குள் பலருக்குத் தண்டுவடமும் மூளையும் வலிச் செய்திகளைப் பெருக்கிக் காட்டப் பழகிவிடுகின்றன. காயம் ஆறிய பிறகும் அந்தப் பழக்கம் நின்றுவிடுவதில்லை.

மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வந்து வலியைத் தணிக்கும் நரம்புப் பாதைகளும் உண்டு. அவை செரோட்டோனின், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்களைக் கொண்டு இயங்குகின்றன. மனநிலையிலும் இவ்விரண்டுக்கும் பங்கு இருக்கிறது. ஆகவே வலி மனத்தைச் சோர்வடையச் செய்வதும், சோர்ந்த மனத்தில் வலி கூடுதலாக உறைப்பதும் ஒரே உடலுக்குள் நடப்பவைதான். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்; ‘முதலில் வலி போகட்டும், மனம் தானாகச் சரியாகும்’ என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கேள்வி: தூக்கமில்லை, பசியில்லை, எப்போதும் அசதி. இது வலியின் விளைவா, மனச்சோர்வா?

நீங்கள் சொன்ன மூன்றும் இரண்டிலும் வரும் என்பதால், அவற்றை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. மனச்சோர்வைக் கண்டறியப் பரவலாகப் பயன்படும் 9 கேள்விப் படிவத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. உடல் சார்ந்த கேள்விகளிலேயே வலி நோயாளியின் மதிப்பெண் ஏறிவிடும். அதனால் நான் வேறொன்றைக் கேட்பேன்: வலி சற்றுக் குறைந்திருக்கும் நேரத்திலாவது பிடித்த விஷயத்தில் மனம் செல்கிறதா? அப்போதும் எதிலும் நாட்டமில்லை, ‘எல்லோருக்கும் பாரமாகிவிட்டேன்’ என்ற எண்ணமே சுற்றிச் சுற்றி வருகிறது, பெரும்பாலான நாள்களில் இப்படியே 2 வாரங்களுக்கு மேல் செல்கிறது என்றால், அதை மனச்சோர்வாகவே கருதி உதவி தேட வேண்டும். தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் இதே போன்ற அசதியைத் தரும். அந்த இரத்தப் பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: வலிக்காக அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் கொடுத்திருக்கிறார்கள். அது மனச்சோர்வு மாத்திரை என்று படித்தேன். மருத்துவர் எதையாவது மறைக்கிறாரா?

மறைக்கவில்லை என்றே நினைக்கிறேன், சொல்ல மறந்திருப்பார். நரம்பு சார்ந்த வலிக்கு இம்மருந்தை இரவில் சிறிய அளவில் தருவது நெடுநாள் வழக்கம். மனச்சோர்வுக்குத் தேவைப்படும் அளவு இதைவிடப் பல மடங்கு அதிகம். எனவே ‘மனச்சோர்வுக்கும் சேர்த்தே மருந்து எடுக்கிறேன்’ என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். இரண்டுக்கும் ஒருசேர உதவக்கூடியது வேண்டுமென்றால் டுலோக்செட்டின் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். எதுவானாலும் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்; வாய் உலர்தல், தூக்கக் கலக்கம், குமட்டல் போன்றவை அதற்கு முன்பே வந்துவிடும் என்பதால் பலர் முதல் வாரத்திலேயே கைவிடுகிறார்கள். திடீரென்று நிறுத்தாதீர்கள். டிரமடால் என்ற வலிநிவாரணி எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அது இம்மருந்துகளோடு சேரும்போது செரோட்டோனின் அளவுக்கு மீறி ஆபத்தாகலாம்.

கேள்வி: வலி குறைந்த நாளில் தேங்கிய வேலையெல்லாம் முடித்துவிடுகிறேன். அடுத்த 3 நாள் படுக்கைதான். என்ன செய்வது?

வலியோடு வாழ்பவர்களில் உழைப்பாளிகள் அனைவரும் விழும் பள்ளம் இது. நல்ல நாளில் நீங்கள் வேலையை மட்டும் முடிக்கவில்லை. ‘நான் இன்னும் பயனற்றுப் போகவில்லை’ என்று உங்களுக்கே நிரூபித்துக்கொள்கிறீர்கள். அடுத்த 3 நாள் படுக்கை அந்த நிரூபணத்தைத் தகர்த்துவிடுகிறது. மனச்சோர்வுக்குத் தீனி போடுவது வலியைக் காட்டிலும் இந்த ஏற்ற இறக்கம்தான் என்பது என் அனுபவம்.

மாற்று வழி கேட்க எளிது, கடைப்பிடிக்கக் கடினம்: வேலையை நிறுத்தும் நேரத்தை வலி முடிவு செய்ய விடாமல் கடிகாரத்திடம் கொடுத்துவிடுங்கள். ஒரு வாரம், எவ்வளவு நேரம் நின்றால் வலி ஏறத் தொடங்குகிறது என்று குறித்து வாருங்கள். மோசமான நாளில் அது 10 நிமிடம் என்றால், நல்ல நாளிலும் 8 நிமிடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். ‘இன்னும் முடியுமே’ என்று தோன்றும்போது நிறுத்துவதுதான் இதில் கடினமான பகுதி. பாத்திரம் பாதி கழுவியபடி கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் எழுந்துவிடுபவர்கள் பலர். 8 நிமிடம் இரண்டு வாரம் நிலைத்தால் 9 ஆக்குங்கள். மோசமான நாளிலும் முழுமையாக முடங்காமல், அந்த அளவில் பாதியையாவது செய்யுங்கள். அந்த நிமிடங்களில் கடமைகளை மட்டும் நிரப்பிவிடாமல், பிடித்த ஒன்றுக்கும் இடம் ஒதுக்குங்கள்; மனச்சோர்வுக்கான சிகிச்சையில் அதுவும் சேர்ந்ததே.

கேள்வி: நேர்மறையாகச் சிந்தித்தால் போதுமா?

போதாது. அப்படி அறிவுரை சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் பல்வலி கூட வந்திருக்காது. ‘இது ஒருநாளும் மாறாது’ போன்ற எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கக் கற்றுத்தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை வேறு. சிரித்த முகத்தோடு இருக்கச் சொல்வது வேறு.

கேள்வி: மனைவிக்கு 6 ஆண்டுகளாக உடல் முழுவதும் வலி. எல்லா வேலையையும் நானே செய்கிறேன். ஆனாலும் அவர் பேசுவதே குறைந்துவிட்டது.

உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் எல்லாவற்றையும் நீங்களே செய்யும்போது, அந்த வீட்டில் தமக்கு இடமில்லை என்று அவர் எண்ணத் தொடங்கியிருக்கலாம். எதைத் தாமே செய்ய விரும்புகிறார் என்று கேளுங்கள்; மெதுவாகச் செய்தாலும் குறுக்கிடாதீர்கள். ‘வலி எப்படி இருக்கிறது?’ என்பதே நாளின் முதல் கேள்வியாக இருக்க வேண்டாம்.

கேள்வி: காலையில் விழிக்காமலே போனால் நல்லது என்று சில நாள்களில் தோன்றுகிறது. இதைச் சொன்னால் வீட்டில் பயந்துவிடுவார்கள்.

எழுதியதற்கு நன்றி. வலியால் களைத்தவர்களுக்கு இந்த எண்ணம் வருவதுண்டு; அதற்காக வெட்கப்பட வேண்டாம், தனியாகச் சுமக்கவும் வேண்டாம். நம்பும் ஒருவரிடம் இன்றே, இதே சொற்களில் சொல்லுங்கள். வீட்டில் மீதமாகச் சேர்ந்திருக்கும் மாத்திரைகளை வேறொருவர் பொறுப்பில் விடுங்கள். எண்ணம் திட்டமாக மாறினால், அல்லது அடக்க முடியாதபடி வலுத்தால், தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள், அல்லது உங்கள் பகுதியில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். இதைப் படிக்கும் குடும்பத்தினருக்கும் ஒரு சொல்: சந்தேகம் வந்தால் நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை.

கேள்வி: மருத்துவர் 10 நிமிடம்தான் தருகிறார். எங்கிருந்து தொடங்குவது?

வலியின் வரலாற்றிலிருந்து தொடங்காதீர்கள். அதற்கே நேரம் போய்விடும். ‘வலியோடு மனமும் சோர்ந்திருக்கிறது, இரண்டுக்கும் உதவி வேண்டும்’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதன் பிறகு தூக்கம், கைவிட்ட செயல்கள், எடுக்கும் மாத்திரைகள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். சாக எண்ணம் வந்திருந்தால் அதைத் தாளின் மேலே எழுதுங்கள். பலர் அதைக் கதவருகே போய் நின்றுகொண்டுதான் சொல்கிறார்கள்.