முற்றத்து மானுக்கும் வேலி லைற்றுக்கும் தண்டம் கட்டவேண்டுமா?

கேள்வி: உருத்திரபுரத்தில் பதினான்கு வீடு உள்ள ஒரு ஒழுங்கையில் இருக்கிறோம். முன்முற்றத்தில் சீமெந்து மான் இரண்டு, ஒரு கொக்கு, ஒரு சின்னத் தாமரைத் தொட்டி வைத்திருக்கிறேன். வர்ணம் பூசிய பழைய ரயர்களில் குரோட்டன் நட்டிருக்கிறேன். மருமகள் வேதக்காரி என்பதால் வீட்டில் நத்தாரும் உண்டு, பொங்கலும் உண்டு. நத்தாருக்குப் போடும் லைற் மாலைகளைத் தை கடைசி மட்டும் விடுவோம், ஒழுங்கைக்குக் குறுக்கேயும் கட்டுவோம். இப்போது கிராம அபிவிருத்திச் சங்கத்தில், படலைக்கு வெளியே ஒரு சோடனையும் கூடாது, பொங்கலுக்கு மறுநாளே லைற் எல்லாம் கழற்றவேண்டும், மீறினால் 2000 ரூபா தண்டம் என்று தீர்மானம் எடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் தம்பி, அங்கேயும் இப்படித்தான், கட்டத்தான் வேண்டும் என்கிறான். உண்மையா? தோட்டம் கிண்டும்போது வந்த, போர்க்கால வெடிகளின் இரண்டு பித்தளைக் கோதுகளையும் கழுவிப் பூச்சாடியாக வைக்க யோசிக்கிறேன்.

பதில்: கடைசியாகக் கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன் அம்மா. அந்தக் கோதுகளைத் தொடவேண்டாம். கழுவவும் வேண்டாம், வேறிடத்துக்கு மாற்றவும் வேண்டாம். கிண்டிய இடத்தில் ஒரு தடி நட்டு, பிள்ளைகளையும் மாடுகளையும் அந்தப் பக்கம் விடாமல், 119க்கோ கிராம சேவையாளருக்கோ சொல்லுங்கள். போர் முடிந்தது 2009இல், கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017இல். ஆனாலும் வன்னியில் மண் கிண்டுகிற எவருக்கும் எது வெற்றுக்கோது, எது வெடிக்காமல் கிடப்பது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பித்தளை மினுங்குவதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள்.

சரி, தண்டம். சங்கத்துக்கு உங்களிடம் 2000 ரூபா அறவிட அதிகாரம் இல்லை. அங்கத்தவர்கள் சேர்ந்து ஊர்வேலை செய்வதற்காகப் பதியப்பட்ட அமைப்பு அது. யாப்பின்படி உங்களை அங்கத்துவத்திலிருந்து நீக்கலாமே தவிர, உங்கள் வளவுக்குள் நிற்கும் மானுக்கு விலை போட முடியாது. பிரதேச சபைகூட, துணைவிதியை மீறினீர்கள் என்று நீதவானுக்கு முன்னால் போய்த்தான் தண்டம் வாங்க வேண்டும். உங்கள் காணி அனுமதிப்பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். குடியிருக்க வேண்டும், பயிர் செய்ய வேண்டும், கேட்காமல் விற்கக் கூடாது என்று இருக்கும். மானைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

தம்பி சொல்வது அவருடைய ஊருக்குச் சரி. அமெரிக்காவில் பல குடியிருப்புகளில் வீடு வாங்கும்போதே வீட்டு உரிமையாளர் சங்கத்தின் நிபந்தனைகளும் காணி உறுதிப் பத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வீட்டுக்கு என்ன நிறம் பூசலாம், முற்றத்தில் என்ன பொம்மை வைக்கலாம், நத்தார் லைற்றை எந்தத் தேதிக்குள் கழற்ற வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கலாம். வாங்குகிறவர் அதற்குச் சம்மதித்துத்தான் வாங்குகிறார், அதனால்தான் அங்கே தண்டம் செல்லுகிறது. வீட்டுக்காரர் தன் நாட்டுக் கொடியைப் பறக்கவிடுவதை அந்தச் சங்கங்கள் தடுக்கக் கூடாது என்று 2006இல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது என்றால் பாருங்களேன். உங்கள் ஒழுங்கையில் அப்படி எந்தத் தாளிலும் நீங்கள் கையெழுத்து வைக்கவில்லை.

அதற்காகச் சங்கம் சொன்னது எல்லாம் வீண்பேச்சு என்று எடுக்கவேண்டாம். ஒழுங்கை உங்களுடையது அல்ல, பிரதேச சபையின் வீதி. வேலிக்கு வெளியே இருக்கிற புல்லுக்கரையும் வீதிதான். குறுக்கே வளைவோ லைற் மாலையோ கட்டுவதென்றால் கரைச்சிப் பிரதேச சபையிடம் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். ஏ9 நெடுஞ்சாலை ஓரம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. படலைத் தூண் இரண்டின் மேல் நிரந்தர வளைவு கட்டுகிற யோசனை இருந்தால், அது சோடனையில் சேராது, கட்டட அனுமதிக்குள் வரும்.

பொங்கலுக்கு மறுநாள் என்று ஏன் நாள் குறித்தார்கள் என்று யாரிடமாவது கேட்டீர்களா? எனக்கு ஊகம் ஒன்று உண்டு. தை பிறந்தால் இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோக நெல் வெட்டுத் தொடங்கிவிடும். அறுவடை மெஷினை ஏற்றிய லொறி, உயரமாக வைக்கோல் கட்டிய ட்ரக்டர் எல்லாம் அந்த ஒழுங்கையால்தான் வயலுக்குப் போய்வர வேண்டும். பிரதேச சபையில் வேலை செய்த காலத்தில் இப்படி ஒரு முறைப்பாட்டைப் பார்க்கப் போனேன். லைற் மாலை வைக்கோலில் கொளுவி, இழுபட்டு, வீட்டுக்காரரின் பிளக்கோடு சேர்த்து ஜன்னல் கம்பியையும் பெயர்த்துக்கொண்டு போயிருந்தது. ட்ரக்டர்காரருக்கு ஒன்றும் தெரியாது, அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

எனக்கு உண்மையான பயம் மின்சாரத்தில்தான். நத்தாரும் பொங்கலும் மாரிக்காலத்தில் வருகின்றன. லைற் வயரை முட்கம்பி வேலியில் சுற்றிக் கட்டுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வேலியில் நட்ட கிளுவைக் கதிகாலில் கட்டினாலும், பக்கத்தில் ஓடுகிற கம்பியில் வயர் உரசத்தான் செய்யும். ஒட்டுப்போட்ட இடத்தில் ரேப் பிய்ந்து மழை பிடித்தால், 230 வோல்ற் உங்கள் வேலியோடு நிற்காது. அதே கம்பி எத்தனை வீட்டு வேலிக்குப் போகிறதோ அத்தனைக்கும் போகும். காலையில் வேலியோடு முதுகு தேய்க்கிற மாட்டுக்கு லைற் மாலை எது என்று தெரியுமா? வயலுக்குப் பன்றி வராமல் கரண்ட் வைத்து ஆட்கள் செத்ததைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். நத்தார் என்பதற்காகக் கரண்ட் மாறாது.

ஆகவே வெளியே போடுவது 12 வோல்ற் மாலையாகவோ சோலார் மாலையாகவோ இருக்கட்டும். அடப்ரர் வீட்டுக்குள், மழை படாத இடத்தில் இருக்க வேண்டும். கரண்ட் கசிந்தால் தானே விழுகிற 30 மில்லிஅம்பியர் ரிப் சுவிட்ச் இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை ஒருமுறை அமத்திப் பாருங்கள். விழாவிட்டால் லைற் போடுவதை மறந்துவிட்டு எலெக்ரீசியனைக் கூப்பிடுங்கள். மின்கம்பத்தில் ஒன்றும் கட்டக்கூடாது. மீற்றருக்கு முன்னால் கொளுவி எடுப்பது குற்றம், அதில் பேச்சே இல்லை. வெளிச்சக்கூட்டை உள்முற்றத்து மாமரத்தில் தொங்கவிடலாமே, ஒழுங்கையால் போகிறவர்களுக்கும் தெரியும்.

பாட்டுப் பெட்டி பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. வெளியே ஒலிபெருக்கி போடப் பொலிஸ் அனுமதி வேண்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை கூடாது என்பது 2007இலேயே உயர் நீதிமன்றம் சொன்னது.

வளவுக்குள் ஒருவரும் வர முடியாது என்றும் நினைக்கவேண்டாம், பி.எச்.ஐ. என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரலாம். நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் வீட்டில் குடியிருப்பவரைத்தான் பொறுப்பாளியாக்குகிறது. உங்கள் மானை அவர் பார்க்க மாட்டார், ரயரைப் பார்ப்பார். முட்டை நுளம்பாகப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். ரயரின் அடியில் இரும்புக்கம்பி காய்ச்சி நாலு ஓட்டை போட்டு, உள்மடிப்பு நிரம்ப மண் போடுங்கள். தாமரைத் தொட்டியில் கப்பி மீன் ஏழெட்டு விட்டால் புழுவை அவை பார்த்துக்கொள்ளும். கொக்கின் காலடியில் சீமெந்துக் குழி இருந்தால் அதையும் அடைத்துவிடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குப் போங்கள், போகாமல் இருக்காதீர்கள். குறுக்கு மாலையை நீங்களே விட்டுக்கொடுத்து, வேலிக்குள் இருப்பது என் விருப்பம், தண்டம் என்ற சொல்லைத் தீர்மானத்திலிருந்து எடுங்கள் என்று கேளுங்கள். ஒத்துவரவில்லை என்றால் மத்தியஸ்த சபை இருக்கிறது. காசு இல்லை, சட்டத்தரணி தேவையில்லை, இரண்டு பக்கமும் நேரே போய்ப் பேசலாம். யாராவது உண்மையிலேயே வந்து காசு கேட்டால் ரசீதும், எந்தச் சட்டத்தின் கீழ் என்ற எழுத்தும் கேளுங்கள். கொடுக்க மாட்டார்கள்.