கொம்பைத் தேடாதீர்கள், பின்புறத்தைப் பாருங்கள்: ஸ்காட்லாந்து வடகரையின் மான்கள்

கேள்வி: போன டிசம்பரில் ஸ்காட்லாந்தின் வடகரையில், பெட்டிஹில் அருகே, சாயங்கால நேரத்தில் ஒரு மானைப் பார்த்தோம். கொம்பு இல்லை. பின்பக்கம் பளிச்சென்று வெள்ளை. நாய் குரைப்பது போல விட்டு விட்டுக் கத்திக்கொண்டே மரங்களுக்குள் ஓடிவிட்டது. அது என்ன மான்? அக்டோபர் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு மறுபடியும் அந்தப் பக்கம் போகிறோம். பெரிய கொம்புள்ள செம்மானைப் பார்க்க வாய்ப்பு உண்டா?

பதில்: நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ரோ மான். வடகரையில் நீங்கள் காணக்கூடிய காட்டு மான்கள் முக்கியமாக மூன்று: செம்மான், ரோ, சிகா. மான் என்றாலே எல்லோரும் முதலில் கொம்பைத்தான் தேடுகிறார்கள். ஆனால் கொம்பு ஆணுக்கு மட்டும்தான், அதுவும் வருடம் முழுக்க இருக்காது. தவிர, மான் நமக்குக் காட்டுவது பெரும்பாலும் முதுகைத்தான். அதனால் பின்புறத்தைப் படிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

ரோவுக்குக் கண்ணில் படும்படி வால் கிடையாது. குளிர்காலத்தில் பின்பக்கத் திட்டு நல்ல வெள்ளையாக இருக்கும். கோடையில் அதே திட்டு மங்கி, உடம்பின் செம்பழுப்போடு கலந்துவிடும். செம்மானின் திட்டு வைக்கோல் நிறம். அது வாலுக்கு மேலேயும் ஏறி முதுகைத் தொடும், வாலும் ஏறக்குறைய அதே நிறத்தில் இருக்கும். சிகாவின் பின்புறமும் வெள்ளைதான், இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ஆனால் அந்த வெள்ளைக்கு மேல் விளிம்பில் ஒரு கருப்புக் கரை ஓடும். வெள்ளை வாலில் மெல்லிய கருங்கோடு ஒன்று இருக்கும். மிரண்டால் அந்த வெள்ளை மயிரை விரித்துப் பெரிதாகக் காட்டும். பின்னங்காலின் வெளிப்பக்கம் வெளிறிய ஒரு சிறு திட்டு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், சிகாதான்.

கொம்பில்லாததால் நீங்கள் பார்த்தது பெண் மான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆண் ரோ நவம்பர், டிசம்பரில் கொம்பை உதிர்த்துவிடும். அந்த மாதங்களில் ஆண் பெண் பிரித்துச் சொல்லவும் பின்புறம்தான் வழி: பெண்ணுக்கு வெள்ளைத் திட்டின் அடியில் குஞ்சம் போல ஒரு மயிர்க்கற்றை தொங்கும். அதை வால் என்று நினைத்து ஏமாறுபவர்கள் நிறையப் பேர். ஆணுக்கு அது இல்லை.

குரைப்பை மட்டும் வைத்து நான் ரோ என்று சொல்லவில்லை. பெண் செம்மானும் ஆபத்தை மோப்பம் பிடித்தால் கரகரப்பாகக் குரைக்கும். ஆனால் ஓடிக்கொண்டே திரும்பத் திரும்பக் குரைப்பது ரோவின் வழக்கம். உருவத்தையும் கொஞ்சம் நினைவுபடுத்திப் பாருங்கள். ரோவின் தோள் உயரம் 60 முதல் 75 சென்டிமீட்டர்தான், ஏறக்குறைய ஒரு வெள்ளாட்டின் உயரம். ஆண் செம்மானுக்கு அது ஒரு மீட்டரைத் தாண்டும். பிரிட்டனின் மிகப் பெரிய தரைவாழ் காட்டு விலங்கு அதுதான். கறுத்த மூக்கும் வெள்ளை மோவாயும் நினைவில் இருந்தால் ரோ என்பது உறுதி.

சரி, அக்டோபருக்கு வருவோம். நல்ல மாதமாகப் பார்த்துத்தான் பிடித்திருக்கிறீர்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முழுக்கச் செம்மான்களின் இணை சேரும் காலம். மற்ற மாதங்களில் ஆண்களும் பெண்களும் தனித்தனிக் கூட்டமாகத் திரியும். கோடையில் பூச்சித் தொல்லை தாங்காமல் மலை மேலே போய்விடும். இப்போது பெண் கூட்டத்தை மடக்கி வைத்துக்கொள்ள ஆண்கள் போட்டி போடும். கரிச்சேற்றில் புரண்டு எழுந்த ஆண், கழுத்துப் பிடரி சொட்டச் சொட்ட, உடம்பெல்லாம் கறுத்து நிற்கும். கொம்பு நுனியில் புல்லும், ஹெதர் என்கிற மலைக் குறுஞ்செடியும் சிக்கித் தொங்குவதும் உண்டு. காற்றில்லாத விடியலில் அதன் உறுமல் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். முதலில் வண்டியை அணைத்துவிட்டுக் காது கொடுங்கள், கண்ணுக்கு வேலை அப்புறம். மரத்தோட்டத்துப் பக்கமிருந்து உறுமலுக்குப் பதிலாக விசில் போலக் கூர்மையான கூச்சல் வந்தால் அது சிகா. அதற்கும் இதுதான் பருவம்.

இடம் என்று கேட்டால், என் ஓட்டு லெர்கிலிருந்து ஆல்ட்னஹாரா வழியாக டங் போகும் ஏ836 சாலைக்கு. கடைசிப் பகுதியில் லாய்யல் ஏரியும் பென் லாய்யல் மலையும் பக்கத்திலேயே வரும். ஹெல்ம்ஸ்டேலிலிருந்து ஃபோர்சினார்ட் வழியாக மெல்விச் போகும் ஏ897 சாலையும் நல்லது. அங்கே இருபுறமும் திறந்த சதுப்பு நிலம், மறைவு குறைவு. கடலோரத்தை ஒட்டியே போனால் மேய்ச்சல் நிலமும் சிறு தோப்புகளுமாக இருக்கும், அது ரோவின் இடம்.

அக்டோபர் நடுவில் அங்கே எட்டு மணிக்குச் சற்று முன்னால் விடியும், மாலை ஆறேகால் வாக்கில் சூரியன் மறையும். அந்த இரண்டு வேளையும்தான் உங்களுக்கு முக்கியம். பைனாகுலரை மலை முழுக்க வீசாதீர்கள். மலை விளிம்பு வானத்தைத் தொடும் கோட்டில் ஆரம்பித்து, பட்டை பட்டையாக மெதுவாகக் கீழே இறக்குங்கள். பாறை என்று நினைத்தது காதை ஆட்டும். இறங்கி நடப்பதானால் காற்று உங்கள் முகத்தில் அடிக்கும்படி நடங்கள், முதுகில் அடித்தால் உங்கள் வாசனை முன்னால் போய்விடும். இந்தப் பருவத்து ஆண் செம்மானிடம் நூறு மீட்டருக்குள் பிள்ளைகளை விடவே விடாதீர்கள்.

ஒற்றைத்தடச் சாலைகளில் வண்டிகள் ஒதுங்குவதற்கென்று விட்டிருக்கும் இடத்தில் நிறுத்தி மான் பார்ப்பது உள்ளூர்க்காரர்களுக்குப் பிடிக்காது, நியாயமான கோபம்தான். நிறுத்துமிடம் வரும்வரை பொறுங்கள். இருட்டில் ஒரு மான் சாலையைக் கடந்தால் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். பின்னாலேயே இன்னொன்று வரும்.

இன்னொன்று, அக்டோபரில் மலைகளில் வேட்டையும் நடக்கும். ஆண் செம்மானுக்கு அக்டோபர் 20 வரை என்பது பழைய வழக்கம் (அதற்குப் பிறகு சுடக் கூடாது என்றிருந்த சட்டப்படியான தடைக்காலத்தை 2023-இல் எடுத்துவிட்டார்கள்), பெண்ணுக்கு 21-ஆம் தேதி தொடங்கும். ஸ்காட்லாந்தில் மலையில் நடக்கச் சட்டப்படி உரிமை உண்டு என்றாலும், எஸ்டேட் (பெரிய தனியார் நிலம்) வாசலில் அறிவிப்புப் பலகை இருந்தால் படித்து, அவர்கள் சொல்லும் பாதையில் போங்கள். ஹெதருக்குள் நடந்துவிட்டு வந்தால், பிள்ளைகளின் முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று அன்று இரவே பார்த்துவிடுங்கள்.