பழைய அரம் பேனா உளியாகுமா?

லேத்தில் மரப் பேனா கடையும் பினாங்கு நண்பர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே பழைய இரும்பைப் பற்றித்தான்.

கே: ஐயா, மாமா விட்டுப்போன பழைய அரங்கள் நான்கைந்து கிடக்கின்றன. சாணை பிடித்துக் கடைசல் உளியாக்கலாமா? – பட்டர்வொர்த் வாசகர்

ஆக்கலாம், ஆனால் அப்படியே அல்ல. இரும்பையே தேய்க்கும் பொருள் அரம். கண்ணாடி மாதிரி கடினம், கண்ணாடி மாதிரியே உடையும். ஒருமுறை அவசரத்தில் பதம் இறக்காமலே, அதாவது சூடேற்றி அந்தக் கடினத்தைக் கொஞ்சம் குறைக்காமலே, பிடி போட்டுக் கடைந்தேன். மெர்பாவ் மரக்கட்டையின் மூலையில் மாட்டி, டக்கென்று இரண்டாகி, முனைத் துண்டு காதோரம் பறந்து சுவரில் அடித்தது. அன்றிலிருந்து முகக் கவசம் இல்லாமல் லேத்தின் முன்னால் நிற்பதில்லை.

முதலில் பற்களை முழுக்கத் தேய்த்து எடுங்கள். விரிசல் அந்தப் பள்ளங்களில்தான் தொடங்கும். எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, இரும்பு பளிச்சென்று தெரியும்படி தேய்த்து, ஓவனில் 220 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஆறவிட்டு இன்னொரு முறை. வைக்கோல் நிறம் ஏறியிருந்தால் சரி. தீபாவளி பிஸ்கட் சுடும் ஓவன் என்றால் முதலில் வீட்டில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

அப்புறம் சாணை பிடிக்கும்போது சூடேற ஏற தண்ணீரில் முக்குங்கள். விளிம்பு நீலமாகிவிட்டால் அந்த இடத்தின் கடினம் போய்விட்டது, அதைத் தேய்த்துத் தள்ளத்தான் வேண்டும். மலிவு அரம் சிலவற்றில் மேல்தோல் மட்டுமே கடினம்; எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்கவில்லை என்றால் அந்த ரகம்தான், தூக்கிப் போடுங்கள்.

செய்த உளியைச் சுரண்டுவதற்கு மட்டும் வையுங்கள். பேனாக் கட்டை சுமார் 19 மி.மீ.தான், அதற்குத் தாங்கும். கிண்ணம் கடைய இதைத் தொடவே வேண்டாம்.

கே: லோரோங் கூலிட் சந்தையில், இரும்பறுக்கும் மெஷின் ஹேக்சா பிளேடு ஒன்று வாங்கினேன். சூட்டிலும் கடினம் போகாத ஹை ஸ்பீட் ஸ்டீல்தான் என்று விற்றவர் சத்தியம் செய்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது? – ஆயர் ஈத்தாம் வாசகர்

சத்தியத்தை விடுங்கள், தீப்பொறியைப் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு கிரைண்டரில் லேசாகத் தொடுங்கள். சாதாரண கார்பன் எஃகு கம்பி மத்தாப்பு மாதிரி மஞ்சளாகப் பூப்பூவாக வெடிக்கும். ஹை ஸ்பீட் ஸ்டீலில் பொறி குறைவு. மங்கிய சிவப்பில், பூக்காமல் அடங்கிவிடும். பல் பக்கம், முதுகுப் பக்கம் இரண்டிலும் சோதியுங்கள். இப்போது வரும் பிளேடுகள் பலவற்றில் பல் விளிம்பு மட்டுமே ஹை ஸ்பீட் ஸ்டீல், முதுகு வெறும் ஸ்பிரிங் எஃகு.

முழுக்க ஹை ஸ்பீட் ஸ்டீல் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 2 மி.மீ. கனத்தில் அருமையான வெட்டுளி கிடைக்கும். பேனாவின் நடு வளையம் உட்கார இடம் வெட்ட இதைவிட நல்லது நான் பார்த்ததில்லை. சாணையில் நீலமானாலும் கவலை இல்லை, 500 டிகிரி தாண்டியும் கடினம் குறையாது. ஆனால் சூடாக இருக்கும்போது தண்ணீரில் முக்காதீர்கள், மயிரிழை விரிசல் விழும். பல்லைத் தேய்த்து எடுத்துவிட்டு, பிளேடை மொட்டையாகப் பிடிக்காமல் நீளமான மரப்பிடியில் ஆழமாக இறக்குங்கள்.

கே: வட்ட ரம்பத் தகட்டை வெட்டி உளி செய்யலாமா?

வேண்டாம். கார்பைடு பல் வைத்த தகடு என்றால் கடினம் அந்தப் பல்லில்தான், தகடு மெது. ஒரு பேனா முடிவதற்குள் நாலு தடவை தீட்டுவீர்கள்.

கே: பாட்டி ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டிய கத்தி என்னிடம் இருக்கிறது. அதன் வளைந்த முனையைக் குழி உளியாக்க ஆசை. – புக்கிட் மெர்தாஜாம் வாசகி

அம்மா, அந்தக் கத்தி பட்டையை மெல்லச் சீவுவதற்காகச் செய்தது. நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்று சுற்றும் கட்டையில் வைத்தால் மெலிந்த கழுத்து வளையும், இல்லையென்றால் பிடியிலிருந்து கழன்று வரும். துரு துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் தடவி வையுங்கள். ஆசைக்கு ரப்பர் மரத்திலேயே ஒரு பேனா கடையுங்கள். வெளிர் நிறம், உளிக்கு வழிவிடும் மரம். ஒன்று மட்டும்: வெட்டிய மரத்தைக் கொல்லையில் போட்டு வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் சீக்கிரமே நீலப் பூஞ்சணம் பிடித்து, பின்னாலேயே வண்டும் வந்துவிடும். உடனே சின்னக் கட்டைகளாக அறுத்து, இரு முனைக்கும் மெழுகு பூசி, காற்றாட நிழலில் அடுக்குங்கள்.