ரோட்டோரத்து எட்டு வீடுகள்

அன்புள்ள அக்கா,

கணக்காய்வு (தணிக்கை) பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் 240 தனி வீடுகள் கட்டிக் கொடுத்த திட்டத்தைப் பார்க்கப் போன மாதம் கணக்காய்வு அதிகாரிகள் வந்தார்கள். ரோட்டோரம் எட்டு வீடுகளுக்குள் போனார்கள், குழாயைத் திறந்து பார்த்தார்கள், எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மேல் டிவிசனில், அதாவது தோட்டத்தின் மேற்பிரிவில், எழுபது வீட்டுக்கும் மேல் தண்ணீரே ஏறுவதில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று இப்படி முடிவு கட்டலாமா? 240ஐயும் பார்ப்பதுதானே நியாயம்?

ஹட்டன் பக்கமிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கோபம் சரி. ஆனால் 240ஐயும் பார்க்கவேண்டியதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். 72 வீட்டுக்குத் தண்ணீர் இல்லை என்று வையுங்கள். 240 வீட்டு இலக்கங்களையும் துண்டுகளில் எழுதிக் குலுக்கி, வந்த எட்டு வீடுகளுக்குப் போயிருந்தால், எட்டிலும் தண்ணீர் வருவதற்கு நூற்றுக்கு ஐந்தாறு வாய்ப்புத்தான். மற்றபடி ஒரு காய்ந்த குழாயாவது அகப்பட்டிருக்கும். எட்டு சின்ன எண்தான், ஆனாலும் அது உண்மையைக் காட்டியிருக்கும். ரோட்டோரமாகவே பார்த்ததில்தான் எல்லாம் கெட்டது.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் நாம் சின்ன வயதிலிருந்து பார்ப்பதுதான் இது. சாக்கு முழுவதையும் கொட்டி யாரும் பிரிப்பதில்லை. ஒரு பிடி அள்ளி, நல்ல கொழுந்து ஒரு பக்கம், முற்றல் ஒரு பக்கம் என்று ஒதுக்குவார்கள். அம்மா கொழுந்து பறித்த காலத்தில், வரிசையில் நிற்கும் பெண்களின் கண் தராசைவிட அள்ளுகிற கைமேல்தான் இருக்கும். மேலாக அள்ளினால் ஒரு கணக்கு, முழங்கை வரை விட்டு அடியிலிருந்து அள்ளினால் வேறு கணக்கு. சோற்றுப் பழமொழி பலிப்பது, பானைக்குள் எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில் வேகிறதால். நம் மலையில் பணிய (கீழே) இருக்கிற லயத்துக்கு, அதாவது வரிசை வீடுகளுக்கு, வருகிற தண்ணீர் மேட்டு லயத்துக்கு வருவதில்லையே.

அப்படியானால் எத்தனை வீடு? 'இத்தனை வீதத்துக்குத் தண்ணீர் இல்லை' என்று அறிக்கையில் எழுத எட்டு போதாது. நூற்றுக்கு 95 நம்பிக்கையோடு (நூறு முறை குலுக்கினால் 95 முறையாவது சரிவருகிற மாதிரி), உண்மையான கணக்குக்கு ஐந்து வீதம் முன்பின்னாகச் சொல்ல உங்கள் 240க்கு 148 வீடு வேண்டும். பத்து வீதம் முன்பின்னாகப் போகலாம் என்றால் 69 போதும். இதே ஐந்து வீதத் துல்லியத்துக்கு 10,000 வீட்டுத் திட்டத்திலும் 370தான் கேட்கும். இதை முதன்முதல் படித்தபோது நான் நம்பவில்லை, உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன். டிவிசன் வாரியாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தனித்தனியே குலுக்கினால் மேல் டிவிசன் விடுபடவே முடியாது. படையாக்கிய எழுமாற்று மாதிரி என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

எண்ணைவிட எனக்குப் பெரிய கவலை பட்டியல். சில காலம் ஒரு கணக்கெடுப்பில் வேலை செய்தேன். கையில் தோட்டத்து அலுவலகம் தந்த பட்டியல், ஏழாம் இலக்கக் காம்பரா (லயத்து அறை) என்று ஒரே வரி. போனால் உள்ளே மூன்று குடும்பம், மூன்று அடுப்பு. பட்டியலில் இருந்தவர் தோட்டத்தில் பெயர் பதிந்த ஒருவர் மட்டும். பென்சனில் போன தாத்தா, கொழும்பில் வேலை செய்கிற மகனின் மனைவி, இவர்கள் எல்லாம் அந்தத் தாளில் இல்லை. பட்டியலில் இல்லாதவர் எந்தக் குலுக்கலிலும் வரமாட்டார்.

அப்புறம் பூட்டிய கதவு. காலை பத்து மணிக்குப் போனால் எல்லோரும் மலையில். பக்கத்தில் திறந்திருக்கும் வீட்டைப் பார்த்துவிட்டு வருவது சுலபம், நானும் ஒருமுறை அப்படிச் செய்து பேச்சு வாங்கினேன். திறந்த வீட்டை மட்டும் கேட்டால், வேலைக்குப் போகிறவர்களின் குரல் முழுவதும் போய்விடும். குழாயும் அப்படித்தான். பதினொரு மணிக்கு யாரும் பிடிக்காத நேரத்தில் ஓடுகிற தண்ணீர், விடியற்காலையில் ஊரே குடத்தோடு நிற்கும்போது ஓடுமா?

குலுக்காமல், வேண்டுமென்றே சில வீடுகளைத் தேர்வதும் தப்பில்லை. தண்ணீர் ஏன் ஏறவில்லை என்று காரணம் தேட, மோசமான நான்கு வீடுகளுக்கு நேரே போவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அந்த நான்கை வைத்துத் திட்டம் முழுவதற்கும் வீதம் சொல்லக்கூடாது. எப்படித் தேர்ந்தார்கள் என்பதை அறிக்கை ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

கணக்காய்வு என்பது பில்லும் வவுச்சரும் சரியா என்று பார்க்கிற வேலை மட்டும் என்றால் ஒரு அறைக்குள் முடிந்துவிடும். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க தேசிய கணக்காய்வுச் சட்டப்படி கணக்காய்வு என்றால் அது மட்டுமில்லை. சிக்கனம், வினைத்திறன் (வீணாக்காமல் வேலை நடந்ததா), விளைதிறன் (நினைத்த பலன் கிடைத்ததா) மூன்றையும் பார்ப்பதுதான் செயலாற்றுகைக் கணக்காய்வு. வீட்டுக்குத் தண்ணீர் வந்ததா என்பது விளைதிறன் கேள்வி, அதற்கு ஏற்றம் ஏறித்தான் ஆகவேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், திட்டத்தை நடத்திய அலுவலகத்திடம் பயனாளிகள் பட்டியலைக் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்லவேண்டும். பட்டியல் கைக்கு வந்ததும் விடுபட்ட குடும்பங்களைச் சேருங்கள். பிறகு குலுக்கி 69 வீடு எடுங்கள், இளைஞர் ஆறேழு பேர் இருந்தால் போதும். குழாயை விடியற்காலையில் திறந்து பாருங்கள். பேச்சை மாலை ஐந்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அம்மாமார் மலையிலிருந்து இறங்கியிருப்பார்கள். எழுதிய தாளின் ஒரு பிரதி எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா