முதலாண்டு இல்லாமல் போனவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

வணக்கம். கல்லூரி நூலகங்களைப் பற்றி நீங்கள் போன மாதம் எழுதியதைப் படித்தேன். கல்லூரியில் பாதிப் படிப்பு வகுப்பறைக்கு வெளியேதான் நடக்கிறது என்று அதில் எழுதியிருந்தீர்கள். படித்ததும் அழுகை வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் 2020இல் பி.காம். சேர்ந்தவள். பிளஸ் டூவில் கடைசித் தேர்வு கணக்குப்பதிவியல். மார்ச் 24 அன்று எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தேன், அன்றைக்கே ஊரடங்கு. அரசு கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் வருடம் கிட்டத்தட்ட முழுக்க கூகுள் மீட்டில்தான் போனது. வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன், அப்பாவுடையது. அவர் பெயின்டிங் வேலைக்குப் போனால் போனும் போய்விடும். வேலை இல்லாத நாளில் போன் இருக்கும், ஆனால் பத்தாம் வகுப்புத் தம்பிக்கும் அதே நேரத்தில் வகுப்பு. அடுப்படியில் உட்கார்ந்து மைக்கை அணைத்துவிட்டுக் கேட்பேன். சாட்டில் பெயரும் ரோல் நம்பரும் போட்டால் அட்டெண்டன்ஸ். போட்டுவிட்டு வீட்டு வேலைக்கு எழுந்து போய்விடுவேன். மூன்றாவது மாதத்தில் அதுகூடச் செய்யவில்லை. பகல் முழுக்கப் படுத்தே கிடப்பேன், ராத்திரி தூக்கம் வராது. வீட்டில் சோம்பேறி என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தேர்வை வீட்டிலேயே எழுதி ஸ்கேன் செய்து அனுப்பினோம். மார்க் வந்தது, டிகிரியும் வந்தது. இரண்டு வருடமாக ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை செய்கிறேன். நாலு பேர் இருக்கும் அறையில் என் பக்கம் திரும்பி ஏதாவது கேட்டால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. தெரிந்த பதில்கூட வருவதில்லை. "ஆன்லைன் பேட்ச்தானே, அப்படித்தான் இருக்கும்" என்று சீனியர் ஒருவர் எல்லார் முன்னாலும் சொன்னார். கொரோனா போய் இத்தனை வருடம் கழித்தும் அதையே சொன்னால் சாக்கு என்கிறார்கள். இது சாக்குதானா அம்மா?

ம.

*

அன்புள்ள ம.,

சாக்கு இல்லை. மற்றதெல்லாம் அப்புறம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டு இதை வெளியிடச் சம்மதித்ததற்கு நன்றி. உங்களோடு சேர்ந்தவர்கள் இதைப் படிக்க வேண்டும். உங்களைச் சோம்பேறி என்றவர்களும் படிக்க வேண்டும்.

ஊர் மறந்துவிட்ட தேதிகளை ஒருமுறை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கணக்குப்பதிவியல் எழுதிய அன்று மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை அமலுக்கு வந்தது. இரவு 8 மணிக்குப் பிரதமர் 21 நாள் ஊரடங்கை அறிவித்தார். பஸ் கிடைக்காமல் அன்று தேர்வு மையத்துக்குப் போக முடியாதவர்களுக்கு ஜூலை 27இல் தனியாகத் தேர்வு வைத்தார்கள். கல்லூரிகள் எல்லா ஆண்டு மாணவர்களுக்கும் திறந்தது 2021 பிப்ரவரி 8இல்தான். மார்ச் கடைசியில் மறுபடி மூடல். செப்டம்பர் 1இல் திறந்தார்கள், 2022 ஜனவரியில் ஒமிக்ரான் வந்து இன்னொரு தடவை மூடினார்கள். ஆக முதல் வருடத்தில் உங்களுக்குக் கல்லூரி என்று கிடைத்தது ஒன்றரை மாதம். அதுவும் பாதி முகம் மறைந்த தோழிகளோடு.

அந்த வருடத்தில் பாடம் போய்விட்டது என்றுதான் எல்லோரும் கவலைப்பட்டார்கள். பாடம் போனால் திரும்பப் படித்துக்கொள்ளலாம். ஒரு வீட்டிலிருந்து முதன்முதலாக ஒரு பெண் கல்லூரிக்குப் போகும்போது பாடத்தோடு இன்னும் எவ்வளவோ நடக்கிறது. பஸ் பாஸ் வாங்குவதில் தொடங்கி, சீனியரிடம் ஜெராக்ஸ் நோட்ஸ் கேட்பது, அலுவலகத்தில் போய் போனஃபைட் சான்றிதழ் வாங்குவது வரைக்கும் எல்லாமே புதிது. வணிகவியல் மன்றக் கூட்டம் நடக்கும். "நீ நன்றியுரை சொல்லு" என்று யாராவது பிடித்துத் தள்ளுவார்கள். கை நடுங்கத் துண்டுச் சீட்டைப் பார்த்து நாலு வரி வாசிப்பீர்கள். சிறப்பு விருந்தினர் பெயரைத் தப்பாகச் சொல்லிவிடுவீர்கள். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் தோழிகளோடு நீங்களும் சேர்ந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். மூன்றாம் வருடத்தில் இன்னொரு முதலாண்டுப் பெண்ணை நீங்களே அப்படித் தள்ளிவிடுவீர்கள். நாலு பேர் முன்னால் பேச வருவது இப்படித்தான். தப்பாகப் பேச ஓர் இடம் வேண்டும், அதைப் பொறுத்துக்கொள்ளும் கூட்டம் வேண்டும். பதினெட்டு வயதில் இரண்டும் உங்களுக்குக் கிடைக்கவில்லை.

கிடைத்த வகுப்பில் பேச வேண்டுமானால் மைக்கைத் திறக்க வேண்டும். திறந்தால் குக்கர் விசில் கேட்கும், அம்மா கூப்பிடுவது கேட்கும், வீடே வகுப்பு முழுவதன் காதிலும் விழும். பேசாமல் இருந்தால் பத்திரம். அந்தப் பத்திரத்தைத்தான் ஒரு வருடத்துக்கும் மேல் பழகினீர்கள். இன்றைக்கு ஆபீசில் தொண்டை அடைப்பதை நான் அதன் தொடர்ச்சியாகத்தான் பார்க்கிறேன். உங்கள் குணத்தில் குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

திரை ஏன் மனிதரைக் களைப்பாக்குகிறது என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமி பைலன்சன் 2021 பிப்ரவரியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். நான்கு காரணங்கள் சொன்னார். பல முகங்கள் மிக அருகிலிருந்து நம்மையே பார்ப்பது, நம் முகத்தை நாமே மணிக்கணக்கில் பார்ப்பது, எழுந்து நடமாட முடியாதது, தலையசைப்பு மாதிரி இயல்பாக நடக்கிற சைகைகளுக்குக்கூட மூளை தனியாக உழைக்க வேண்டியிருப்பது. எல்லாம் சரிதான், ஆனால் அது கேமராவைத் திறந்துவைத்துப் பேசியவர்களின் களைப்பு. நம் ஊரில் நடந்தது வேறு. டேட்டா தீர்ந்துவிடும், வீடு தெரிந்துவிடும் என்று இரண்டு பயம். கேமரா அணைந்தே இருக்கும். ஆசிரியர் கறுப்புக் கட்டங்களைப் பார்த்து "கேக்குதாப்பா?" என்று கேட்டுக்கேட்டுப் பாடம் நடத்தினார். அவரும் பாவம்தான், அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

உங்களை யாருமே பார்க்கவில்லை. வகுப்பின் நடுவில் எழுந்து போனது யாருக்கும் தெரியவில்லை, மூன்றாவது மாதம் வராமலே போனதும் தெரியவில்லை. நேரில் நடந்திருந்தால் நாலாவது நாளே ஒரு தோழி "ஏண்டி வரல?" என்று கேட்டிருப்பாள். பகலில் படுத்தே கிடப்பது, ராத்திரியில் தூக்கம் வராதது, செய்துகொண்டிருந்ததை ஒவ்வொன்றாக விட்டுவிடுவது என்று நீங்கள் எழுதியிருக்கிற மூன்றும் மனச்சோர்வு உள்ளவர்களிடம் மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்டறியும் விஷயங்கள். உங்களை அன்று யாராவது ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்க வேண்டும்.

ஏன் யாரும் அழைத்துப் போகவில்லை என்று உங்கள் வீட்டை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. 2017-18இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியாவின் கிராமப்புற வீடுகளில் இணைய வசதி இருந்தது 14.9 சதவீதத்தில், நகர்ப்புறத்தில் 42. இந்தக் கணக்கு கையில் இருக்கும்போதே வகுப்புகளைத் திரைக்கு மாற்றினார்கள். வேறு வழி இல்லைதான். 2021 ஜனவரியில் தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்கள் 9.69 லட்சம் பேருக்கு ஏப்ரல் வரை தினமும் 2 ஜிபி இலவச டேட்டா என்று அறிவித்தது. நல்ல உதவி. ஆனால் அடுப்படியில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு டேட்டாவோடு ஒரு போனும், கதவு சாத்திக்கொள்ள ஓர் இடமும், "அவ வகுப்புல இருக்கா, கூப்பிடாதீங்க" என்று சொல்ல ஒரு ஆளும் தேவைப்பட்டது. மகன் போனைப் பிடித்தால் படிக்கிறான், மகள் பிடித்தால் "எப்பப் பாத்தாலும் போன்" என்று சொல்கிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரி என்பது வீட்டு வேலை கை நீட்ட முடியாத ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரத்தையும் வீடு எடுத்துக்கொண்டது.

உதவிக்கு யாருமே யோசிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2020 ஏப்ரலிலேயே மாணவர்களின் மனநலத்துக்கு உதவி எண்கள் அமைக்கும்படி பல்கலைக்கழகங்களுக்கு யுஜிசி என்ற பல்கலைக்கழக மானியக் குழு கடிதம் எழுதியது. ஜூலையில் மத்திய அரசு 'மனோதர்ப்பண்' என்று ஒரு திட்டத்தைத் தொடங்கி இலவச எண் கொடுத்தது. ஆனால் அப்பாவின் போனில், அப்பா பக்கத்தில் இருக்கும்போது, நாலு பேர் படுக்கிற அறையிலிருந்து ஒரு பெண் அந்த எண்ணை அழைத்து என்ன பேசுவாள்?

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீங்கள் இதை எழுதவில்லை, ஆனால் உங்கள் வகுப்பில் யாருக்காவது நடந்திருக்கும். 2021 மே மாதம் ஆக்சிஜன் படுக்கைக்காகக் குடும்பங்கள் மருத்துவமனை வாசல்களில் காத்துக்கிடந்தபோதும் அசைன்மென்ட்டுக்குக் கடைசித் தேதி இருந்தது. அப்பாவையோ தாத்தாவையோ இழந்த பிள்ளையும் பத்து நாள் கழித்து அதே இணைப்பில் வந்து ரோல் நம்பர் போட்டது. துக்கம் கேட்க ஒருவரும் வீட்டுக்கு வர முடியாத காலம் அது. ஆன்லைன் வகுப்பால் மனம் கெட்டதா, நோயால் கெட்டதா, வருமானம் போனதால் கெட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே அறைக்குள் நடந்தன. பெருந்தொற்றின் முதல் ஆண்டில் உலகம் முழுக்கப் பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் சொன்னது. இளைஞர்களும் பெண்களும்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள் என்றும் சொன்னது. நீங்கள் இரண்டிலும் வருகிறீர்கள்.

சரி, தேர்வுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அந்த சீனியர் சொன்ன வார்த்தைதான். உங்கள் தலைமுறை மேல் சந்தேகம் அன்றே ஆரம்பித்துவிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் தேர்வில் மாணவர்களை செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கண்காணித்தது. முடிவுகள் வந்தபோது ஏராளமானோர் பெயிலாகியிருந்தார்கள், பலருடைய முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டிருந்தன. முறைகேடு செய்யவில்லை, தலையைத் திருப்பியதைத்தான் குறித்துவிட்டது என்று பிள்ளைகள் கதறினார்கள். 2021 மே மாதம் உயர்கல்வி அமைச்சர் பொன்முடி மறுதேர்வு அறிவிக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மதுரையில் ஒரு தனியார் வங்கியின் ஆள்சேர்ப்பு விளம்பரத்தில் 2021இல் தேர்ச்சி பெற்றவர்களுக்குத் தகுதி இல்லை என்று போட்டிருந்தார்கள். அச்சுப்பிழை என்று வங்கி பிறகு சொன்னது. அதற்குள் அந்தப் படம் மாணவர்களின் வாட்ஸ்அப்பில் எங்கும் போய்விட்டது. நவம்பரில் தேர்வை ஆன்லைனிலேயே நடத்துங்கள் என்று மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது "பாத்து எழுதப் பழகிட்டானுங்க" என்று ஊரே பேசியது. நான் அதைப் பயம் என்று பார்த்தேன். வகுப்பு ஒரு விதமாக நடந்தது, தேர்வு இன்னொரு விதமாக வருகிறது என்றால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும்.

விடிய விடியப் படித்து எழுதியவரையும் பார்த்து எழுதியவரையும் ஒரே வார்த்தையில் அடைத்துவிட்டார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளே தங்கள் மார்க்கைத் தாங்களே நம்பவில்லை. "நான் நிஜமாகப் படித்தேனா" என்ற கேள்வி உங்களுக்குள்ளும் ஓடுகிறது என்று நினைக்கிறேன்.

அந்தக் கேள்விக்கு மனத்துக்குள் தேடினால் பதில் கிடைக்காது. முதல் இரண்டு செமஸ்டர் பாடத்திட்டத்தை எடுத்துவைத்துக்கொண்டு எது தெரியும், எது தெரியாது என்று பென்சிலால் குறியுங்கள். ஆடிட்டர் ஆபீசில் இரண்டு வருடம் பேரேடும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் பார்த்த உங்களுக்குப் பாதிக்கு மேல் தெரிந்திருக்கும். மிச்சத்தைப் படித்துவிடலாம். உங்கள் ஆடிட்டரிடம் தனியாகப் போய், மீட்டிங்கில் என்னிடம் கேட்கப்போவதை முதல் நாளே சொன்னால் தயாராக வருகிறேன் என்று கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அந்த சீனியருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் தூக்கமும் பசியும் இன்னும் சரியாக இல்லை என்றால், வேலைக்குப் போகவே மனம் வராத நாட்கள் தொடர்ந்து வந்தால், உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றினால், பாடத்திட்டத்தை ஓரமாக வையுங்கள். 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவிச் சேவை. இலவசம், எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். இப்போது உங்கள் கையில் உங்கள் போன் இருக்கிறது. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் எனக்கு எழுதியதையே வாசித்துக் காட்டுங்கள். நேரில் போக வேண்டுமென்றால் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைக்குப் போய் மனநலப் பிரிவுக்குச் சீட்டு கேளுங்கள். பேச்சு அடைத்துக்கொள்ளும் இந்தப் பயத்துக்கும் அங்கே சிகிச்சை உண்டு.

தம்பியிடமும் கேட்டுப் பாருங்கள். அந்த ஆண்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வை ரத்துசெய்து எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். அதே போனில் படித்தவர் அவரும், அவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

உங்கள் பி.காம். வகுப்பின் வாட்ஸ்அப் குழு இன்னும் இருக்கும் என்று நினைக்கிறேன். குழுவில் போட வேண்டாம். ஒரே ஒருத்திக்குத் தனியாக எழுதுங்கள், முதல் வருடத்தில் அவள் வீட்டில் எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதில் உங்கள் கடிதத்தைப் போலவே இருந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது. இருவரும் ஒரே ஊர்ப்பக்கம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை சந்தித்துக்கொள்ளுங்கள். எப்படிப் போனது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.